எல்டன் சொல்லாத எண்ணிக்கை

சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் குன்றின் சரிவில் ஒரு கணம் நின்றார்கள். மணலில் கால் புதைந்தது. முன்னால் இடது பக்கம் பிடித்திருந்த வெண்டெல் கையை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். பின்னாலிருந்து இளையவர் ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தபோது தலையை அசைத்து மறுத்துவிட்டார். இறந்தவரின் மனைவி ஆர்டிஸ் அதைக் கவனித்தாள். மகள் ரோண்டா நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளாமல், யாருடைய துணையும் இல்லாமல் நேராக நின்றிருந்தாள்.

பெட்டியைத் தூக்கப்போவது யார் யார் என்று கேட்டபோது அவள்தான் பெயர்களைச் சொன்னாள். எல்லோரும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அவர்களில் பாதிப் பேர் போன கோடையிலிருந்து அவள் வீட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பாதவர்கள். அவர்கள் வேண்டாமே என்று ரோண்டா சொல்லிப் பார்த்தாள். டென்வர் நகரத்தில் இருந்து பழகியவள். வேறு மாதிரி யோசித்தாள்.

"பக்கத்துப் பண்ணைக்காரங்கதான் தூக்கணும். பேசாம இருக்கிறதெல்லாம் உயிரோட இருக்கிறவங்களுக்கு" என்றாள் ஆர்டிஸ்.

குழியின் பக்கங்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். நெப்ராஸ்காவின் அந்த மணல் குன்றுகளில் பலகை இல்லாமல் குழி நிற்காது. புல்வேர் பிடித்திருக்கும் ஒரு முழ ஆழம்தான் மண். அதற்குக் கீழே வெறும் மணல். புதிதாக வந்திருந்த இளம் பாதிரியார் கீத் ஜெபம் சொன்னார். காற்று அவருடைய பாதிச் சொற்களைக் கொண்டுபோயிற்று. எல்டன் ரூட்டைத் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பக்கத்தில் இறக்கினார்கள்.

அவர் இறந்தது திங்கட்கிழமை காலையில். கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட வேண்டிய வாரம் அது. பட்டி வேலியின் மேல் இரண்டு கையையும் போட்டுச் சாய்ந்தவர் அப்படியே சாய்ந்திருந்தார். தடுப்பூசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த ஆர்டிஸ், ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டாள். பதில் வராதபோதுதான் முகத்தைப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலத்தடிக் கூடத்தில் சாப்பாடு நடந்தது. பன்றி இறைச்சி வைத்த பன், பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பெரிய பாத்திரத்தில் காபி. பெண்கள் பாதிப் பேர் முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஆர்டிஸின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் எல்டனைப் பற்றி ஒரே சொல்லைச் சொன்னார்கள்: நேர்மையானவர். அதைச் சொல்லும்போது சிலர் கண்ணைப் பார்க்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

அந்த ஊரில் ஒரு மனிதனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயதைக் கேட்கலாம், வயிற்றுக் கோளாறைக் கேட்கலாம், மருமகன் ஏன் குடிக்கிறான் என்று கூடக் கேட்கலாம். உனக்கு எத்தனை மாடு என்று மட்டும் கேட்கக் கூடாது. அது வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். கேட்பவன் வெளியூர்க்காரன் என்றால் "கொஞ்சம் இருக்கு" என்பார்கள். உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். பெண் கொடுத்தவன் கூடக் கேட்க மாட்டான்.

போன வருடம் பெருந்தொற்று வந்தபோது அந்த வழக்கம் உடைந்தது. இறைச்சி ஆலைகள் மூடின, மாட்டு விலை சரிந்தது. அரசாங்கம் பண்ணைக்காரர்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்படியானால் எண்ணிக்கையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். விவசாய அலுவலகத்துக்குள் யாரையும் விடவில்லை. வாசலுக்கு வெளியே மேசை போட்டு, முகக்கவசம் கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். காற்று வேறு. ஆகவே அவள் கத்திக் கேட்டாள், அவர்களும் கத்திப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பரம்பரை பரம்பரையாக மனைவியின் காதில் மட்டும் சொல்லி வந்த எண்ணை, ஆண்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு கூவினார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் வானத்தைப் பார்த்துக் காது கேளாதவர்கள் போல நடித்தார்கள். பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எல்டனின் முறை வந்தது. அந்தப் பெண் "எத்தனை மாடு?" என்று கத்தினாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் வெண்டெலும் டல்லஸும்.

டல்லஸ் ஐம்பது வயதுக்காரன். நாக்கு சும்மா இருக்காது. அன்று மாலையே காபிக் கடையில், "எல்டனுக்கு வானத்துலேர்ந்து நேரா காசு விழுது போல. நாமதான் தட்டை ஏந்திக்கிட்டு நிக்கிறோம்" என்றான். அது மாவட்டம் முழுக்கப் பரவியது. நிவாரணம் வாங்காத பண்ணை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். வாங்கியவர்களுக்கு அது உறுத்தியது. வங்கிக்காரன் வாசலில் நிற்கிறபோது கை நீட்டியவர்கள் அவர்கள். நம்மைப் பிச்சைக்காரர்கள் என்று நினைக்கிறாரா இந்த மனுஷர் என்று கேட்டார்கள். அவரிடம் கேட்கவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆர்டிஸ் காதிலும் அது விழுந்தது. அவள் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் அவளுக்குத் தெரியும்: எல்டனிடம் பழைய மந்தையில் கால்வாசி கூட இல்லை. விண்ணப்பங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது பண்ணைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த மூவர் குழு. வெண்டெல் அதில் ஒருவர். மேசையில் கூவாமல் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அன்று வீட்டுக்கு வந்து எல்டன் நடந்ததைச் சொன்னபோது, "திமிர் பிடிச்சவர்னு சொல்லிட்டுப் போகட்டும். வத்திப்போயிட்டார்னு யாரும் சொல்லக் கூடாது" என்று சொன்னவள் ஆர்டிஸ்தான்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெண்டெல் இப்போது அவள் எதிரில் வந்து நின்றார். பின்னால் டல்லஸ்.

"கன்னுங்களுக்கு இன்னும் சூடு போடல" என்றார் வெண்டெல்.

"இல்ல."

"நாளைக்கு வர்றோம். ஆள் இருக்கு, குதிரை இருக்கு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

கன்றைச் சாய்த்துப் பிடிக்கும் இரும்பு மேசை இருக்கிறது, ரோண்டாவும் தானும் பார்த்துக்கொள்வோம் என்றாள் ஆர்டிஸ். பல வருடங்களாக அப்படித்தானே செய்கிறோம் என்றும் சொன்னாள்.

"அந்த மேசைக் கம்பியை இழுக்க எல்டன் மாதிரி ரெண்டு ஆளு வேணும்மா" என்றான் டல்லஸ். "ரோண்டா கை கணிப்பொறி தட்டுற கை. கன்னு அவளுக்குச் சூடு போட்டுரும்."

ரோண்டா சிரித்துவிட்டாள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. உதவிக்கு நன்றி, தேவையில்லை என்று மறுபடி சொன்னாள்.

வெண்டெல் காபிக் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார். அவருக்குப் பேசி வழக்கமில்லை.

"இந்த ஏப்ரல்ல கூட அவர் எங்க பட்டிக்கு வந்தாரு. ஒருத்தனும் சரியா முகம் கொடுத்துப் பேசல. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அடுப்புகிட்ட நின்னு இரும்பு காய்ச்சிக் கொடுத்தாரு. சாப்பிட்டாரு, என் பொண்டாட்டிக்கு நன்றி சொன்னாரு, போனாரு." அவர் நிறுத்தினார். "நாங்க அந்தக் காசை வாங்கினோம் ஆர்டிஸ். வாங்காம எங்களால நிக்க முடியல. அதுக்காக எங்களை அவர் பட்டிக்கு வெளியில நிறுத்திராதீங்க."

வெண்டெல் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். டல்லஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் கறுப்பு உடையோடேயே பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனாள். ரோண்டாவும் ஏறிக்கொண்டாள். மாடுகள் வண்டிச் சத்தம் கேட்டுத் தீவனம் என்று நினைத்து வந்தன. வண்டியைச் சுற்றி நின்ற பிறகும் குன்றுகள் காலியாகவே தெரிந்தன. ரோண்டா கண்ணால் அளந்தாள். மற்றவை எங்கே என்று கேட்கப் போனவள் வாயை மூடிக்கொண்டாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தான்.

"இவ்வளவுதான்" என்றாள் ஆர்டிஸ்.

பிறகு சொன்னாள். ரோண்டா வேலைக்குப் போன புதிதில் வந்த அந்தப் பெரிய வறட்சியில் புல் தரையோடு கருகியது. தெற்குக் குன்றின் முகட்டில் ஒரு தட்டு அளவுக்கு மணல் வெளியே தெரிந்தது. எல்டன் அதைப் பார்த்துவிட்டு வந்து இரவு சாப்பிடவில்லை. அப்படி ஒரு ஓட்டை விழுந்தால் காற்று அதை விடாது. கொஞ்ச வருடத்தில் குன்றே பறந்துவிடும். மற்றவர்கள் தீவனம் வாங்கி மாட்டை வைத்துக்கொண்டார்கள். இவர் மாட்டை விற்றார், அதுவும் உள்ளூர்ச் சந்தையில் விற்காமல் பக்கத்து மாநிலத்துக்கு ஓட்டிப்போய் விற்றார். மாட்டைத் திரும்ப வாங்கலாம், புல்லை எந்தச் சந்தையில் வாங்குவது என்று கேட்டார். மழை திரும்பியபோது அவருடைய இடுப்பு எலும்பு தேய்ந்திருந்தது. மாட்டு விலையும் ஏறியிருந்தது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று போயிற்று. மாட்டை விற்ற அடுத்த வசந்தத்தில்தான் இரும்பு மேசையை வாங்கினார். இனி சூடு போட யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று ஊருக்குச் சொன்னார். மற்றவர்கள் பட்டிக்கு மட்டும் ஒரு வருடம்கூடத் தவறாமல் போனார்.

"அப்பா ஏன் சொல்லலை?"

"ரூட் மந்தைன்னா எட்டுக் குன்றுக்கு மேயும்னு பேரு. அவங்க தாத்தா காலத்துலேர்ந்து. அதைச் சின்னதாக்கினது நான்தான்னு அவர் எப்படிச் சொல்லுவாரு?"

ரோண்டா, வெண்டெலுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டாள். ஆர்டிஸும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வரவேண்டாம் என்றால் எண்ணிக்கை அவளோடு பத்திரமாக இருக்கும். ஆனால் எல்டன், அயலாரைக் கீழாக நினைத்தவர் என்ற பெயரோடு அந்தப் பலகைகளுக்கு நடுவில் கிடப்பார். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவளுடைய வாய்தான். வரச்சொன்னால் எல்லோரும் பார்ப்பார்கள்.

வீடு திரும்பியதும் தொலைபேசியை எடுத்தாள். "காலையில வாங்க வெண்டெல். மத்தியானச் சாப்பாடு இங்க. என் பொறுப்பு" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "சரி" மட்டும் வந்தது.

காலையில் வந்த கூட்டத்தைப் பார்த்து ரோண்டா பயந்துபோனாள். குதிரை ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பாதை நிறைந்தது. பழைய ரூட் மந்தைக்கு ஆகும் ஆட்களைக் கூட்டி வந்திருந்தார் வெண்டெல். இரண்டு அடுப்பு, இரண்டு குழு. பாதிரியார் கீத் கூடப் புத்தம் புதிய பூட்ஸோடு வந்திறங்கினார்; அவர் கையில் தடுப்பூசி ஊசியைக் கொடுத்தார்கள். டல்லஸ் துணிப்பையைத் தூக்கிக் காட்டினான். "எல்டன் மந்தைக்கு ரெண்டு நாள் பிடிக்கும்னு மாத்துத் துணி கொண்டாந்திருக்கேன்மா" என்றான்.

அவர்கள் குதிரை ஏறிக் குன்றுகளுக்குள் மறைந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். அவள் பட்டி ஓரத்திலேயே நின்றாள். அவர்கள் திரும்பி வரும்போது தான் வீட்டுக்குள் இருந்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

சீக்கிரமே திரும்பினார்கள். மாடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு, பேச்சில்லாமல். இன்னொரு கூட்டம் பின்னால் வருகிறதா என்று டல்லஸ் ஒருமுறை சேணத்தில் திரும்பிப் பார்த்தான். குன்றில் யாரும் இல்லை. தாய்களைப் பிரித்துக் கன்றுகளை உள்ளே விட்டபோது, அந்தப் பெரிய பட்டியின் ஒரு மூலைதான் நிறைந்தது. இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் அதை மெதுவாக அணைத்தான்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குதிரைமேல் இருந்து கன்றைப் பிடிக்க முதல் கயிற்றை யார் வீசுவது என்று சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. நல்ல கைக்காரனுக்கோ நெருங்கிய நண்பனுக்கோ கொடுக்கும் மரியாதை அது. எல்டன் இல்லாததால் அது அவளுடையது.

"டல்லஸ். நீ முதல்ல" என்றாள்.

டல்லஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டான். "நானாம்மா?"

"உன் கை நல்ல கைன்னு எல்டன் சொல்லுவாரு. வாயைப் பத்தி வேற சொல்லுவாரு."

யாரோ சிரித்தார்கள். டல்லஸ் சிரிக்காமல் குதிரையை நடத்தினான். அவன் கயிறு போய் விழுந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. பின்கால் இரண்டும் அகப்பட்டுக் கன்று அடுப்பருகே வந்தது. வெண்டெல் இரும்பை எடுத்து இடது விலாவில் ரூட் குடும்பத்துச் சூட்டைப் போட்டார். தோலும் மயிரும் கருகிய புகை எழுந்தது. அதற்குப் பிறகு ஆர்டிஸ் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒருவரையும் விடவில்லை. அவர்களும் அவசரப்படவில்லை. வழக்கமாக ஒருவர் கயிறு வீசும்போதே அடுத்தவர் நுழைந்துவிடுவார். அன்று ஒரு கன்று எழுந்து தாயிடம் ஓடிச் சேரும்வரை அடுத்த குதிரை நகரவில்லை. குறையாத மந்தைக்கு ஆகும் நேரத்தை அந்தக் கன்றுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் அதைப் புரிந்துகொண்டாள். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

இயந்திரக் கொட்டகையில் பலகை போட்டுச் சாப்பாடு. வாட்டிய மாட்டிறைச்சி, பீன்ஸ், அப்போதுதான் சுட்ட ரொட்டி, ஆப்பிள் பை. காலை முழுக்க ஊசி போட்ட பெருமையில் பாதிரியார் முகம் சிவந்திருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நல்ல வேலை. மொத்தம் எத்தனைங்க?" என்றார்.

கொட்டகையில் கரண்டிச் சத்தம் நின்றது. வெண்டெல் தட்டைப் பார்த்தார். பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவர் கையைத் தொட்டாள். என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் அவர் சுற்றிலும் பார்த்தார்.

"பரவாயில்ல, அவர் கேக்கட்டும்" என்றாள் ஆர்டிஸ். இறைச்சித் தட்டைக் கீழே வைத்தாள். எண்ணைச் சொன்னாள். கன்று எத்தனை, தாய் எத்தனை என்று தனித்தனியாக. கடைசிப் பலகையில் இருந்தவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"எல்டன் உங்க யார் மேலயும் குறை வச்சுக் காசை வேண்டாம்னு சொல்லல. அந்த எண்ணைச் சொல்லணும்கிறதுக்காக வேண்டாம்னாரு. நீங்க வேற மாதிரி நினைச்சீங்க. நினைக்கட்டும்னு விட்டது நான்."

வெண்டெல் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அந்த விண்ணப்பத்தை நான் படிச்சிருந்தாலும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன் ஆர்டிஸ்" என்றார்.

"தெரியும். ஆனா நீங்க படிச்சிருப்பீங்கல்ல."

வெண்டெல் அதை யோசித்தார். பிறகு தலையாட்டினார். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். தட்டை நீட்டினார். ஆர்டிஸ் அவருக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள்.

"காலையில உங்க தெற்குக் குன்றுல ஏறினேன்" என்றான் டல்லஸ், யாரையும் பார்க்காமல். "என் குன்றுல மூணு இடத்துல மணல் ஓடுது." அந்த நாளில் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சாப்பாடு முடிந்தும் ஒருவரும் வண்டியைக் கிளப்பவில்லை. மாடுகளைக் கோடை மேய்ச்சலில் விட்டுவிட்டுப் போகிறோம் என்றார்கள். அதற்கு இரண்டு ஆள் போதும். எல்லோருமே குதிரை ஏறினார்கள். ஆர்டிஸும் ரோண்டாவும் பிக்கப்பில் பின்னால் போனார்கள்.

குன்றின் அடியில் தாய்கள் கன்றுகளோடு உள்ளே நடந்து, சிறிது தூரத்திலேயே வயிறு வரைக்கும் மறைந்தன. போன வருடத்துப் புல் மேயப்படாமல் பழுப்பாக நின்றது. அதன் அடியில் புதுப் பச்சை வந்திருந்தது. முகடு வரைக்கும் ஒரு கையளவு வெறும் மணல் இல்லை. ஆண்கள் வேலியோரத்தில் வரிசையாகக் குதிரைமேல் இருந்து பார்த்தார்கள். டல்லஸ் இறங்கி, முழங்காலிட்டு, புல்லை இரண்டு கையாலும் விலக்கி வேரைப் பார்த்தான்.

வெண்டெல் ஆர்டிஸின் பக்கம் திரும்பினார். குதிரையை மேயவிடலாமா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. அவள் சரி என்று தலையசைத்தாள். அவர் மெல்ல இறங்கிக் குதிரையின் கடிவாளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். குதிரை தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது. குனிந்த தலையில் காதுகள் மட்டும் புல்லுக்கு மேலே தெரிந்தன.